மொசில்லா பெர்சோனா: உலாவியிடம் ஒப்படைத்த அடையாளம் – ஒரு மதிப்பீடு

அறிமுகம்

இணையதளங்களில் உள்நுழைவதற்காக மொசில்லா 2011 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகப்படுத்திய திறந்த முறை பிரவுசர்ஐடி ஆகும். 2012 பிப்ரவரியில் இது பெர்சோனா என்று பெயர் மாற்றம் பெற்றது. 2016 நவம்பர் 30 அன்று இதன் சேவை நிறுத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகளே நீடித்த இந்த முறையை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு. எனினும் இணைய அடையாளம் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இதைத் தவறாமல் அறிந்துகொள்ள வேண்டும். வெற்றி பெற்ற முறைகள் கேட்கத் தவறிய ஒரு கேள்வியை இது கேட்டது.

‘நான் இன்னார்தான்’ என்று ஓர் இணையதளத்திடம் நிரூபிக்கும்போது, அந்தச் செய்தி வேறு யாருக்குத் தெரிய வேண்டும்? இதுதான் அந்தக் கேள்வி. ‘வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை’ என்பது பெர்சோனா தந்த பதில். அந்தப் பதில் சரியானது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதத்தில்தான் குறை இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

வலையின் தொடக்கக் காலத்தில் உள்நுழைவு என்பது உலாவியின் வேலையாகவே இருந்தது. தளம் கேட்டால் உலாவியே ஒரு சிறு பெட்டியைத் திறந்து பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். 1996 இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் இம்முறை இடம்பெற்றுள்ளது. ஆனால் அந்தப் பெட்டியின் தோற்றத்தைத் தளத்தால் மாற்றியமைக்க முடியாது. முறையாக வெளியேறும் வழியும் அதில் இல்லை. இதற்கிடையே 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கி பரவலாயிற்று. தளங்கள் தாமே படிவம் அமைத்துக் கடவுச்சொல்லை வாங்கின. குக்கியின் உதவியால் பயனரை நினைவில் வைத்துக்கொண்டன. அதன் பிறகு உள்நுழைவில் உலாவிக்கு இருந்த பங்கு, படிவத்தைக் காட்டுவது என்ற அளவில் சுருங்கிவிட்டது.

இதன் விளைவை நாம் அனைவரும் அறிவோம். தளத்துக்கு ஒரு கடவுச்சொல் என்றால் நினைவில் நிற்காது. எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், ஓரிடத்தில் திருடு போனால் எல்லா இடத்திலும் போயிற்று.

இதற்குத் தீர்வாக 1999 இல் மைக்ரோசாப்ட் பாஸ்போர்ட் என்னும் சேவையைத் தொடங்கியது. ஒரு நிறுவனத்திடம் ஒரு கணக்கு. அதைக் கொண்டே பல தளங்களில் நுழையலாம். உலகின் சாவிகள் அனைத்தும் ஒரே நிறுவனத்திடம் சேருமே என்ற அச்சம் எழுந்தது. 2001 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் லிபர்ட்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கின.

பொதுமக்களின் வலைக்கு ஏற்ற திறந்த முறை 2005 இல் வந்தது. லைவ்ஜர்னல் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் வடிவமைத்த ஓப்பன்ஐடிதான் அது. இதில் ஒருவரின் அடையாளம் ஒரு வலை முகவரி. அதைத் தளத்தில் தட்டச்சு செய்தால், அந்த முகவரிக்குப் பொறுப்பான அடையாள வழங்குநரிடம் தளம் நம்மை அனுப்பும். அங்கே கடவுச்சொல்லைக் கொடுத்து, சான்றுடன் திரும்பி வரலாம். யார் வேண்டுமானாலும் வழங்குநர் ஆகலாம். எந்தத் தளமும் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளாமல் இதை ஏற்கலாம். இதன் இரண்டாம் பதிப்பு 2007 டிசம்பரில் வெளியானது. 2008 இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் ஓப்பன்ஐடியையே தன் உள்நுழைவு முறையாகக் கொண்டிருந்தது.

ஆனால் வலை முகவரியைத் தன் பெயராக நினைக்கும் பழக்கம் பொதுமக்களுக்கு வரவில்லை. தீய நோக்கமுள்ள தளம் வழங்குநரின் பக்கம் போலவே ஒரு போலிப் பக்கத்துக்கு அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிக்கவும் முடிந்தது. 2008 இறுதியில் ஃபேஸ்புக் கனெக்ட் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. ஒரு நீலப் பொத்தான், ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது. மக்கள் அதையே விரும்பினர்.

பெர்சோனா செயல்பட்ட விதம்

பெர்சோனாவின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட எடுத்துக்காட்டு ஒன்று போதும். வங்கிக் கணக்குத் தொடங்க வரும் மாணவரிடம், இன்ன பள்ளியில் படிக்கிறார் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வங்கி அலுவலர் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. மற்றொன்று, தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இட்ட போனஃபைடு சான்றிதழை மாணவர் கையில் கொடுத்தனுப்புவது.

முதல் வழியில், மாணவர் எங்கெல்லாம் செல்கிறார் என்பது தலைமையாசிரியருக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் வழியில் தெரியாது. சான்றிதழை வங்கியில் காட்டினாரா, நூலகத்தில் காட்டினாரா, பேருந்து அட்டைக்காகக் காட்டினாரா என்பது மாணவருக்கும் அந்தந்த இடத்தாருக்கும் மட்டுமே தெரியும். ஓப்பன்ஐடியும் ஃபேஸ்புக் உள்நுழைவும் முதல் வழியைச் சேர்ந்தவை. பெர்சோனா இரண்டாம் வழியைச் சேர்ந்தது.

அதன் படிகள் வருமாறு. முதலில், உலாவி ஒரு சோடித் திறவுகோல்களை உருவாக்கும். ஒன்று உலாவியை விட்டு வெளியே போகாத தனித் திறவுகோல். மற்றொன்று எவரிடமும் காட்டக்கூடிய பொதுத் திறவுகோல். அடுத்து, பயனரின் மின்னஞ்சல் வழங்குநர், ‘இந்த மின்னஞ்சல் முகவரிக்கு உரியவர் இந்தப் பொதுத் திறவுகோலை உடையவர்’ என்று எழுதிக் கையொப்பமிட்ட குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றைத் தரும். கடைசியாக, பயனர் ஒரு தளத்தில் நுழையும்போது, ‘இது இந்தத் தளத்துக்கு மட்டும், இந்த நேரத்துக்குள் மட்டும்’ என்று குறித்த ஒரு சீட்டை உலாவி தன் தனித் திறவுகோலால் கையொப்பமிட்டு, சான்றிதழுடன் சேர்த்துக் கொடுக்கும். வழங்குநர் வெளியிட்டுள்ள பொதுத் திறவுகோலைக் கொண்டு தளம் அதைச் சரிபார்த்துக்கொள்ளும்.

சீட்டில் தளத்தின் பெயர் இருப்பதால், அதை வாங்கிய தளம் வேறொரு தளத்தில் காட்டி ஏமாற்ற முடியாது. எந்தப் பயனர் எந்தத் தளத்துக்குச் சென்றார் என்று வழங்குநரிடம் யாரும் கேட்கத் தேவையில்லை.

நிறைகள்

முதல் நிறை, மின்னஞ்சல் முகவரியை அடையாளமாகக் கொண்டது. வலை முகவரி பழக்கமற்றது. மின்னஞ்சல் முகவரி தன்னுடையது என்று மக்கள் ஏற்கெனவே உணர்ந்திருந்தனர். ஒருவர் அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு முகவரிகள் வைத்துக்கொண்டு, இடத்துக்கேற்பப் பயன்படுத்தவும் முடியும்.

இரண்டாம் நிறை, அந்தரங்கம். இதைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. மனநல ஆலோசனை தரும் தளம், வேறு வேலை தேடும் தளம், அரசை விமர்சிக்கும் இதழ் ஆகியவற்றில் ஒருவர் நுழைகிறார் என்பதே அவரைப் பற்றிய செய்தி. அங்கே என்ன எழுதினார், என்ன படித்தார் என்று தெரியாவிட்டாலும், நுழைந்தார் என்பது போதும். விளம்பரத்தால் வாழும் நிறுவனம் ஒன்று நம் சாவிக்கொத்தை வைத்திருக்கும்போது, ஒவ்வொரு கதவும் திறக்கும் ஓசை அதற்குக் கேட்கிறது. பெர்சோனாவின் வடிவமைப்பில் அந்த ஓசை கேட்க வழியில்லை.

மூன்றாம் நிறை, திறந்த தன்மை. ஓப்பன்ஐடியைப் போலவே இதிலும் தளங்கள் யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. 2014 பிப்ரவரியில் வெளியாகி இன்று பரவலாக உள்ள ஓப்பன்ஐடி கனெக்ட் முறையில், பெரிய வழங்குநர்களிடம் தளம் முன்கூட்டியே பதிவு செய்து ஓர் அடையாள எண் பெற வேண்டியுள்ளது. பதிவை அளிப்பவர் அதைத் திரும்பப் பெறவும் முடியும். பெயரில் ‘ஓப்பன்’ என்ற சொல் இருந்தாலும், இந்த ஒரு வகையில் அது பழைய முறையைவிடக் குறைவாகவே திறந்திருக்கிறது.

குறைகள்

பெர்சோனாவைப் பாராட்டி எழுதுவோர் பலர், பெரிய நிறுவனங்கள் ஒத்துழைக்காததால் அது தோற்றது என்று முடித்துவிடுகின்றனர். அது பாதி உண்மை. மீதிப் பாதி மொசில்லாவின் சொந்தத் தீர்மானங்களில் இருக்கிறது.

முதலாவது, உலாவியை மையமாகக் கொண்ட இந்த முறை, எந்தப் பெரிய கணினி உலாவியிலும் இயல்பாக இயங்கும் வசதியாக வரவே இல்லை. மொசில்லாவின் ஃபயர்பாக்ஸிலும் வரவில்லை. எல்லா உலாவிகளிலும் உடனே வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, அதை ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக எழுதி மொசில்லாவின் சர்வரிலிருந்து வழங்கினர். தொடக்கத்துக்கு அது நல்ல உபாயம்தான். ஆனால் உபாயமே நிரந்தரமாயிற்று. பயனர் கண்ணுக்குத் தெரிந்தது உலாவியின் ஓர் உறுப்பு அல்ல. இன்னொரு தளத்தின் சிறு சாளரம். முதல் பெயர் பிரவுசர்ஐடி. பிரவுசர் அதில் பங்கேற்கவில்லை.

இரண்டாவது, மின்னஞ்சல் வழங்குநர்கள் சான்றிதழ் தர முன்வராத இடத்தில், மொசில்லாவே மின்னஞ்சல் அனுப்பிச் சரிபார்த்துத் தானே சான்றிதழ் வழங்கியது. இதற்கு மொசில்லாவிடம் ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். 2013 ஏப்ரலில் யாஹூ பயனர்களுக்கும், ஆகஸ்டில் ஜிமெயில் பயனர்களுக்கும் இணைப்புப் பாலங்கள் அமைக்கப்பட்டன. அவை பயனுள்ளவை, கடவுச்சொல்லின் தேவையைக் குறைத்தன. ஆனால் பாலத்தைக் கட்டியவரும் காத்தவரும் மொசில்லாவே. ‘மையம் இல்லாத முறை’ என்று அறிமுகமானது, நடைமுறையில் ஒரே மையத்தைச் சார்ந்து நின்றது.

மூன்றாவது குறை நுட்பமானது. மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். தளங்கள் தாமே சீட்டைச் சரிபார்க்கலாம் என்பது வடிவமைப்பு. ஆனால் முறை இன்னும் மாறிக்கொண்டிருந்ததால், சரிபார்க்கும் வேலையை மொசில்லாவின் சர்வரிடம் ஒப்படைக்கும்படி தளங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தச் சீட்டில் தளத்தின் பெயர் உண்டு. பயனரின் முகவரியும் உண்டு. ஆகவே மொசில்லா விரும்பியிருந்தால் யார் எங்கே நுழைகிறார் என்பதை அறிந்திருக்க முடியும். அவ்வாறு கண்காணிக்கும் நோக்கம் அதற்கு இருக்கவில்லை என்றே கொள்வோம். அப்போதும், அந்தரங்கம் கணக்கியலால் காக்கப்படுவது வேறு, ஒருவரின் நல்லெண்ணத்தால் காக்கப்படுவது வேறு. பெர்சோனா முதலாவதை வாக்களித்து, பெரும்பாலும் இரண்டாவதையே தந்தது.

நான்காவது, பொறுமையின்மை. 2014 மார்ச்சில் முழுநேரப் பணியாளர்களை விலக்கி, திட்டத்தை ஆர்வலர் சமூகத்திடம் ஒப்படைத்தது மொசில்லா. 2012 செப்டம்பரில் சோதனைப் பதிப்பு வந்தது முதல் கணக்கிட்டால் ஒன்றரை ஆண்டுதான். உள்நுழைவு முறை என்பது ஒரு தளத்தின் வாசற்கதவு. கதவைச் செய்து தருபவர் அடுத்த ஆண்டு கடையில் இருப்பாரா என்ற ஐயம் வந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். மொசில்லாவின் நிரலாளர் ஆவணத் தளமான எம்டிஎன், ஒருகாலத்தில் பெர்சோனாவைப் பயன்படுத்தியது. பின்னர் கிட்ஹப் கணக்கு வழியாக நுழையும் முறைக்கு மாறியது. மாற்று வழியைக் காட்டப் புறப்பட்டவரின் வீட்டு வாசலிலேயே மற்றவரின் பூட்டு தொங்கியது.

ஓப்பன்ஐடியின் கதையும் வேறல்ல. மைஓப்பன்ஐடி என்ற வழங்குநர் 2014 பிப்ரவரியில் மூடப்பட்டது. கூகுள் 2015 ஏப்ரலில் ஓப்பன்ஐடி 2.0 ஆதரவை நிறுத்தியது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018 இல் அதைக் கைவிட்டது.

பெர்சோனாவுக்குப் பின்

மையப்படுத்திய உள்நுழைவின் ஆபத்து பின்னர் வெளிப்படையாகவே தெரிந்தது. 2018 செப்டம்பரில், ஏறத்தாழ 5 கோடிக் கணக்குகளின் அணுகல் வில்லைகள் திருடப்பட்டதாக ஃபேஸ்புக் அறிவித்தது. பிறகு அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ 3 கோடியாகத் திருத்தியது. ஃபேஸ்புக் வழியாக நுழையும் பிற தளங்கள் தாக்கப்பட்டதற்குத் தடயம் இல்லை என்றும் கூறியது. ஆனால் அப்படி நடந்திருக்கக்கூடிய கதவு திறந்திருந்தது என்பதே பாடம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அதன் பொத்தானை மட்டும் நம்பியிருந்தவர்கள், ஃபேஸ்புக்குக்குத் தொடர்பில்லாத தளங்களுக்குள்ளும் நுழைய முடியாமல் நின்றனர்.

இதற்கிடையே உலாவி மீண்டும் உள்நுழைவில் இடம்பெறத் தொடங்கியது. 2019 மார்ச்சில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெப்ஆத்தன் என்னும் தரத்தை ஏற்றது. இதில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிச் சோடித் திறவுகோல்கள் உருவாகின்றன. தனித் திறவுகோல் பயனரின் கருவியில் இருக்கும். தளத்திடம் பொதுத் திறவுகோல் மட்டும் இருக்கும். திறவுகோல் தளத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் அது வேலை செய்யாது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் இதன் மீது அமைந்த பாஸ்கீ முறையை விரிவாக ஆதரிப்பதாக அறிவித்தன.

பெர்சோனா விரும்பியதில் ஒரு பாதியைப் பாஸ்கீ நிறைவேற்றியுள்ளது. திறவுகோல் பயனர் பக்கம் இருக்கிறது. எந்தத் தளத்தில் நுழைகிறோம் என்று மூன்றாமவரிடம் கேட்க வேண்டியதில்லை. போலிப் பக்கத்தை எதிர்ப்பதில் இது பெர்சோனாவைவிட வலுவானது. ஆனால் பெரும்பாலோரின் பாஸ்கீகள் ஆப்பிளின் அல்லது கூகுளின் சேமிப்பகத்தில் ஒத்திசைக்கப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர் தம் திறவுகோல்களைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்வதற்கான பொது வழிமுறையின் வரைவு 2024 அக்டோபரில்தான் ஃபிடோ கூட்டமைப்பிலிருந்து வெளிவந்தது. பூட்டு செய்து முடித்த பிறகு, வீடு மாறும் வழியைப் பற்றி யோசித்ததுபோல் இருக்கிறது இது.

மற்றொரு வளர்ச்சி ஃபெட்சிஎம். கூகுள் குரோமின் 108 ஆம் பதிப்பில் வந்த இந்த வசதியில், ‘இந்தக் கணக்கின் வழியாக நுழையவா?’ என்று தளத்துக்குப் பதிலாக உலாவியே கேட்கும். பயனர் சம்மதிக்கும்வரை, எந்தத் தளம் கேட்கிறது என்பது வழங்குநருக்குத் தெரியாது. இது முன்னேற்றம்தான். ஆனால் சம்மதித்த பிறகு தளத்தின் அடையாளம் வழங்குநரிடம் போய்ச் சேர்கிறது. அதாவது தலைமையாசிரியருக்குத் தொலைபேசி அழைப்பு இன்னும் போகிறது. மாணவரைக் கேட்டுவிட்டுப் போகிறது, அவ்வளவே.

உலாவி யாருடைய பணியாள்?

பெர்சோனாவின் அடிப்படை நம்பிக்கை, உலாவி பயனரின் பணியாள் என்பது. மொசில்லா போன்ற இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் உலாவியைப் பற்றி அவ்வாறு நம்ப ஓரளவு இடமுண்டு. ஆனால் இன்று உலகில் மிக அதிகமாகப் பயன்படும் உலாவியும், மிகப் பெரிய அடையாள வழங்குநர்களுள் ஒன்றும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை.

2018 செப்டம்பரில் வந்த குரோம் 69 ஆம் பதிப்பில், ஜிமெயில் போன்ற கூகுள் தளம் ஒன்றில் நுழைந்தாலே உலாவியும் அதே கணக்கில் நுழைந்ததாகக் காட்டியது. பயனரிடம் தனியாகக் கேட்கவில்லை. எதிர்ப்பு எழுந்ததும், அடுத்த பதிப்பில் அதை நிறுத்திவைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. சிறிய நிகழ்ச்சிதான். ஆனால் உலாவி அடையாளத்தைச் சுமக்கட்டும் என்று சொல்லும்போது, அந்த உலாவியின் எசமானர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும் என்பதை அது காட்டியது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அடையாளத்தை உலாவியில் வைப்பது, ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணினி உண்டு என்று எண்ணிச் செய்வது. நம் பள்ளிக் கணினி அறைகளில் ஒரே கணினியை வகுப்புக்கு வகுப்பு வெவ்வேறு மாணவர்கள் பயன்படுத்துகின்றனர். வீட்டில் ஒரு கைபேசியைத் தாயும் பிள்ளைகளும் மாறி மாறி வைத்திருக்கின்றனர். அங்கே உலாவி நினைவில் வைத்திருப்பது யாருடைய அடையாளம்? முன்னவர் வெளியேற மறந்தால் அடுத்தவர் அவராகவே ஆகிவிடுகிறார். குறுகிய காலச் சான்றிதழ் இந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. கடவுச்சொல் எத்தனை குறையுடையதானாலும், அதைத் தலைக்குள் சுமந்துகொண்டு எந்தக் கணினியிலும் உட்காரலாம். இந்த வசதியை இழப்போர் யார் என்பதைப் புதிய முறைகளை வகுப்போர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முடிவுரை

பெர்சோனா ஒரு நல்ல வரைபடம். கட்டி முடிக்கப்படாத வீடு. சான்றளிப்பவருக்கு, அந்தச் சான்று எங்கே காட்டப்படுகிறது என்று தெரியத் தேவையில்லை என்ற அதன் கொள்கை இன்றும் பழுதற்றது. அந்தக் கொள்கையைக் கொண்டே பின்வந்த முறைகளை எடைபோடலாம். பாஸ்கீ அதில் பெரும்பாலும் தேறுகிறது. ஃபெட்சிஎம் பாதியில் நிற்கிறது. சமூக வலைத்தளப் பொத்தான்கள் தேறவில்லை.

புதிய உள்நுழைவு முறை எது வந்தாலும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் நல்லது. நான் எங்கே நுழைகிறேன் என்பது யாருக்குத் தெரியும்? என் கணக்கை ஒரு நிறுவனம் முடக்கினால் எத்தனை கதவுகள் அடைபடும்? என் திறவுகோலை எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியுமா? சொந்தக் கருவி இல்லாதவருக்கு இதில் இடம் உண்டா? முதல் மூன்றையும் பெர்சோனா எண்ணிப் பார்த்தது, செயலில் முதல் கேள்விக்கே முழு விடை தர இயலாமல் நின்றாலும். நான்காவது கேள்வி இன்னும் விடை காணாமல் இருக்கிறது. அடுத்து வருவோர் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.